நாற்பதைத் தாண்டாத முள்

ஸ்ரீரங்கன் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்த விஷயங்கள் இரண்டு. முதலாவதை இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவராகவே சொல்லும்படி ஆயிற்று. இரண்டாவது, அவரைக் கேட்காமலே வெளியே வந்தது.

முதலாவது ஒரு விபத்து. ஐப்பசி மழையில் ஒரு வியாழக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அவர் தன் பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். அபிராமபுரம் தெருமுனை திரும்பும்போது சறுக்கி விழுந்தார். முழங்கைச் சிராய்ப்புக்குக் குளியலறையில் வழுக்கிவிட்டது என்று ஒரு பொய் போதுமாக இருந்தது. ஹெட்லைட்டுக்கு மேலே நசுங்கிப்போன ஸ்பீடோமீட்டருக்கு எந்தப் பொய்யும் பொருந்தவில்லை.

தலைசுற்றல் வந்ததிலிருந்து அவர் இரண்டு சக்கர வண்டியைத் தொடக்கூடாது. டாக்டர் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். கேசவப் பெருமாள் சந்நிதியில் நிறுத்தி வைத்து மனைவி விஜயலக்ஷ்மி சத்தியமே வாங்கியிருந்தாள். அறுபத்திரண்டு வயதில் சத்தியத்தை மீறிவிட்டு நசுங்கிய மீட்டரோடு நின்ற மனிதருக்கு ராயப்பேட்டை மெக்கானிக் பீர் முஹம்மதுதான் கைகொடுத்தார். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைத்த டூப்ளிகேட் மீட்டர் ஒன்றை இரண்டே நாளில் வாங்கி வந்து மாட்டினார். அதே கறுப்பு முகம், அதே வெள்ளை எண்கள், மைல் கணக்கு, நீண்ட முள். இங்கிலாந்திலிருந்து வந்த பழசையும் இதையும் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். பழசு புதுப்பேட்டைக் காயலான் கடைக்குப் போய்விட்டது.

"நிக்க வெச்சு அழகு பாக்க இது போதும் சார். ரோட்ல கொஞ்சம் முன்ன பின்ன காட்டும்" என்று பீர் முஹம்மது அன்றே சொல்லியிருந்தார். நிறுத்தி வைக்கத்தானே என்று ஸ்ரீரங்கனும் தலையாட்டியிருந்தார். அப்போது மகன் அச்யுத் இப்படி ஒரு வம்பை இழுத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வருவான் என்று யார் கண்டது?

பழைய வண்டிகள் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஓட்டம் அது. பெசன்ட் நகர் கடற்கரையில் கிளம்பி, பாலவாக்கத்தில் டீ குடித்து, புதிதாக அகலப்படுத்திய கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போகவேண்டும். முதலில் வருபவனுக்குப் பரிசு கிடையாது; குறித்த நேரத்துக்குச் சரியாக வருபவனுக்குத்தான். சீக்கிரம் வந்தாலும் மார்க் போகும். அதனால் பின்னால் ஒருவர் கடிகாரமும் அட்டையுமாக உட்கார்ந்து நேரம் பார்க்கவேண்டும். அதற்கு ஒரு நண்பனை ஏற்பாடு செய்திருந்தான் அச்யுத்.

விஜயலக்ஷ்மி ஒரே நிபந்தனையோடு சம்மதித்தாள்: முள் நாற்பதைத் தாண்டக்கூடாது. அது அந்த வீட்டின் பழைய சட்டம். கல்யாணமான புதிதில் ஸ்ரீரங்கனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அவள் போட்டது. நாற்பது மைல் என்றால் இன்றைய கணக்கில் அறுபத்துநாலு கிலோமீட்டர். அதற்கு மேல் அந்த வண்டி அந்த வீட்டாரோடு ஓடியதே இல்லை.

முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் அவள். குக்கர் விசில், கணவனின் மாத்திரை, இஸ்திரிக்காரன் கொண்டுபோன புடவை என்று எல்லாவற்றையும் எண்ணித்தான் வைப்பாள். எண்ணில் வராத எதையும் லேசில் நம்பமாட்டாள். எண்ணில் வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள்.

எண்ணாமல் விட்டது ஒன்றைத்தான். மூத்த பெண் நீரஜா, தன்னோடு வேலை பார்த்த ரெஹானைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு திருவான்மியூரில் குடியேறி நாலு வருஷம் ஆகிறது. அவள் பெயரைச் சொல்லக்கூடாது என்று விஜயலக்ஷ்மி ஒருநாளும் சொன்னதில்லை. கூடத்திலிருந்த போட்டோவை எடுத்து பீரோவுக்குள் வைத்தாள், அவ்வளவுதான். மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு அச்யுத் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மீட்டர் கண்ணாடி புதுசு மாதிரி பளபளப்பதைப் பார்த்து, அப்பா ரொம்பத்தான் பார்த்துக்கொள்கிறார் என்று சிரித்தான். ஸ்ரீரங்கனுக்கு அப்போதே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அதற்குள் கோபுரப் பொட்டும் கைப்பையுமாக விஜயலக்ஷ்மி வாசலுக்கு வந்துவிட்டாள். தோழி ஜலஜாவோடு பெசன்ட் நகர் போய், கொடி அசைப்பதைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அவள் எதிரில் எப்படிச் சொல்வது?

கொஞ்சம் முன்னே பின்னே காட்டுகிற மீட்டர், நாற்பதுக்கு மேல் போகாத பையன், என்ன ஆகிவிடப்போகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். வாயில் வந்ததைக் காபியோடு விழுங்கினார்.

ஏழு மணிக்கு பீர் முஹம்மதுவின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. மனிதர் உள்ளேகூட வரவில்லை. வண்டி நிற்கும் இடம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"சார், வண்டி எங்க கீது?"

கோவளம் ஓட்டத்துக்குப் பையன் எடுத்துப் போயிருக்கிறான் என்றார் ஸ்ரீரங்கன்.

"அந்த மீட்டரோடவா?" பீர் முஹம்மது ஹெல்மெட்டைக் கழற்றினார். "அதே பெட்டில வந்த இன்னொண்ணை நேத்து சாயங்காலம் ஒருத்தர் வண்டில மாட்டினேன் சார். கூடவே ஒரிஜினல் மீட்டர் இருக்கிற வண்டியை ஓட்டிகினு போய்ப் பாத்தேன். டூப்ளிகேட் நாப்பது காட்டுது. ஒரிஜினல்ல அறுபது."

ஸ்ரீரங்கனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டார். அறுபது மைல் என்றால் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். நாற்பத்தைந்து வருஷத்து வண்டி. பிரேக் பிடித்தால் யோசித்துவிட்டு நிற்கிற வண்டி. அந்த வண்டியை அச்யுத் இன்றுதான் முதல்முறையாகத் தெருவைத் தாண்டி ஓட்டுகிறான். அதன் வேகம் உடம்புக்கு எப்படித் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது. அம்மாவிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகவே முள்ளைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவான். நாற்பது வரும்வரை முறுக்குவான்.

வாரா வாரம் தானும் அதே முள்ளை நம்பித்தானே ஓட்டினோம் என்ற எண்ணம் வந்தது. ஊருக்குள் இருபதைத் தாண்டாமல் போனவருக்கு அது பொய் என்று தெரிய வாய்ப்பே இல்லாமல் போயிருந்தது.

"பாய், வண்டியை எடுங்கோ" என்றார். செருப்பு மாட்டக்கூட நிற்கவில்லை.

கொடி அசைப்பது ஏழு மணிக்கு. ஏழு ஒன்றிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. அச்யுத்தின் எண் பதினேழு. ஏழு பதினேழுக்குக் கிளம்பினால் பாலவாக்கம் போகப் பத்து நிமிஷம், டீ குடிக்கப் பதினைந்து நிமிஷம். அதுவரை ஊர் நெரிசலில் வேகம் வராது. ஏழு நாற்பத்திரண்டுக்குப் பாலவாக்கத்தை விட்டுக் கிளம்பினால், அதற்கப்புறம் சாலை நேராக, காலியாகக் கிடக்கும். வண்டியில் போகிறவனைப் போனில் பிடிக்க முடியாது; அதற்கு முன் நேரில் போய்ச் சேரவேண்டும்.

அடையாறு பாலம் தாண்டும்வரை ஸ்ரீரங்கன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பீர் முஹம்மதுதான் குற்ற உணர்ச்சியில் பேசிக்கொண்டே வந்தார். மீட்டருக்குள் முள் தனி, மைல் எண்ணுகிற நம்பர் தனியாம். முள் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கில் ஆடுவது. மலிவுச் சரக்கில் அந்த ஸ்பிரிங்தான் கோளாறு.

"நம்பர் மட்டும் பல்சக்கரத்துல ஓடுது சார். அது ஒரு மைல்கூட தப்பாது. முள்ளுதான் பொய் சொல்லிகினு கீது" என்றார், அதிலாவது ஒரு ஆறுதல் இருக்கட்டும் என்பதுபோல. ஸ்ரீரங்கன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருக்கலாம்.

லாட்டிஸ் பாலம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டார் பஸ் குறுக்கே நின்று இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. நாதஸ்வரக்காரர் நிதானமாக இறங்கினார். சீர்த்தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஸ்ரீரங்கன் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, வெறுங்காலோடு கூட்டத்துக்குள் நுழைந்து, யார் யாரிடமோ கைகூப்பி, பஸ்ஸை நகர்த்தச் சொல்லி மன்றாடினார். யாரோ அவரைப் பெண் வீட்டுக்காரர் என்று நினைத்துச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். ஒன்பது நிமிஷம் போயிற்று.

திருவான்மியூரைக் கடக்கும்போது அவர் கண் இடதுபக்கத் தெரு ஒன்றின் மேல் போய்த் திரும்பியது. அந்த நேரத்திலும் போயிற்று.

பாலவாக்கத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பழைய வண்டிகள் வரிசையாக நின்றன. ஸ்ரீரங்கன் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே ஓடினார். பதினாறு இல்லை, பதினேழு இல்லை, பதினெட்டு இல்லை. கடிகாரத்தோடு மேஜையில் உட்கார்ந்திருந்த இளைஞன் அட்டவணையைப் பார்த்துவிட்டு, பதினேழு கிளம்பி ஏழு நிமிஷம் ஆகிறது என்றான். பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். எல்லோரும் அந்த வண்டியைத்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம். நேரம் பார்க்கவேண்டிய நண்பன் காய்ச்சல் என்று வரவில்லையாம். அதனால் அம்மாவே பின்னால் ஏறிவிட்டாராம்.

"அம்மாவா?"

"ஆமா சார், மடிசார் மாமி. கையில அட்டை, பென்சில். தோளுக்கு மேல முள்ளைப் பாத்துண்டு, நாப்பது வரைக்கும் தாராளமாப் போலாம்டான்னு சொல்லிண்டே போனா."

ஸ்ரீரங்கன் ஸ்கூட்டர் நின்ற பக்கம் திரும்பி ஓடினார். பையன் மட்டும் என்று நினைத்தபோது பயமாகத்தான் இருந்தது. இப்போது பயம் இல்லை, ஒரு வெறுமை வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. வீட்டிலேயே ஜாக்கிரதையான மனுஷி, அந்தப் பொய் முள்ளை நம்பி, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தானே சொல்லிக்கொண்டு போகிறாள். அவளை நம்பவைத்தது யார்? பெருமாள் சந்நிதியில் நின்று சத்தியம் செய்தது யார்?

மறுபடி ஸ்கூட்டரில் ஏறினார். நீலாங்கரை தாண்டியது. எதிரே வந்த லாரிகளின் முகப்பையெல்லாம் அவர் பார்த்தார், அடிபட்டிருக்கிறதா என்று. தூரத்தில் சாலையோரம் நாலைந்து பேர் கும்பலாக நிற்பதைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். நெருங்கியபோது இளநீர் வண்டி.

அதற்கும் அப்பால், சவுக்குத் தோப்பின் ஓரத்தில் பி.எஸ்.ஏ. நின்றிருந்தது.

ஸ்டாண்டில், நேராக, ஒரு கீறல் இல்லாமல். அதன் மறுபக்கம் அச்யுத் தரையில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கியிருந்தான். பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் மேல், மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, விஜயலக்ஷ்மி பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீரங்கன் அழுதார். அதை அவர் மறைக்கவும் முயலவில்லை.

அச்யுத்தான் நடந்ததைச் சொன்னான். முள் முப்பத்தெட்டில் இருந்திருக்கிறது. அம்மாவின் புடவைத் தலைப்பு விடாமல் முகத்தில் அடித்திருக்கிறது. நாற்பதுக்குள் காற்று இப்படி அடிக்காதே என்று அவளுக்குத் தோன்ற, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். நாற்பது செகண்ட்கூட ஆகவில்லை. தான் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று இரண்டாவது கல்லுக்கும் பார்த்திருக்கிறாள். உடனே அவன் முதுகில் ஓங்கி அறைந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். அவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தபோதே சந்திலிருந்து மீன் வண்டி ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. அதற்கு இரண்டு கஜம் முன்னால் வண்டி நின்றது.

ஸ்ரீரங்கன் மூச்சு வாங்க, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். சறுக்கியது, விழுந்தது, மீட்டர் நசுங்கியது, புதுப்பேட்டை, டூப்ளிகேட். பால் வாங்க ஒரு நடை போகலாம் என்று எடுத்தேன், புத்தி கெட்டுப்போச்சு என்றார். பீர் முஹம்மது தலை குனிந்து, தப்பு தன்னுடையது என்று நடுவே நுழைந்தார். விஜயலக்ஷ்மி இரண்டு பேரையும் பேசவிட்டாள்.

பிறகு அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"நாப்பது மைல்ல போனா ஒரு கிலோமீட்டருக்கு அம்பத்தாறு செகண்ட் ஆகணும். எங்களுக்கு ஆனது முப்பத்தொம்பது. முள் பொய்னு நீங்க வரதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுத்து" என்றாள். "நான் இங்க உக்காந்து போட்டுண்டிருந்தது வேற கணக்கு."

மீட்டரின் அடியில் சின்னக் கட்டங்களில் இருந்த எண்ணைச் சுட்டிக் காட்டினாள். நூற்று இருபத்தொன்று.

"பெசன்ட் நகர்ல கிளம்பறச்சே இந்த நம்பரைக் குறிச்சுக்கச் சொன்னா. பழைய மீட்டர் ஒரு சுத்து முடிஞ்சு பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கும்னு நினைச்சேன். புது மீட்டர்னு இப்போதான் சொல்றேள். புதுசுன்னா பூஜ்யத்துலதானே இருந்திருக்கும்?"

பீர் முஹம்மது ஆமாம் என்று தலையாட்டினார். ஸ்ரீரங்கனுக்கு அடையாறு பாலத்தில் கேட்டது இப்போதுதான் காதில் விழுந்தது.

"இன்னிக்கு ஆத்துலேர்ந்து இதுவரைக்கும் ஒம்பது மைல். மிச்சம் நூத்திப் பன்னெண்டு. விழுந்தப்புறம் நீங்க வண்டியைத் தொடவே இல்லைன்னா, இந்த நூத்திப் பன்னெண்டு மைல் யார் போனா?"

சாலையில் முப்பத்திரண்டாம் எண் வண்டி படபடவென்று தாண்டிப் போயிற்று.

"நான் ஜலஜா ஆத்துக்குப் பாட்டுக்குப் போறது வியாழக்கிழமை. ஐப்பசிலேர்ந்து பதினாலு வியாழக்கிழமை. நூத்திப் பன்னெண்டைப் பதினாலால வகுத்தா எட்டு. மிச்சம் இல்லை. போக நாலு, வர நாலு." பென்சிலைக் கைப்பைக்குள் வைத்தாள். "நாலு மைல்ல திருவான்மியூர் இருக்கு."

அச்யுத் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அவனுக்கும் இது புதிது.

"பதினாலு வாரத்துக்கு முன்னாடி அங்க என்ன ஆச்சு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் ஸ்ரீரங்கன் இன்னொரு பொய் சொல்லியிருப்பார். அவள் வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் பால் வாங்கப் போகலை விஜயா. ஆஸ்பத்திரிலேர்ந்து மாப்பிள்ளை போன் பண்ணினார்."

மாப்பிள்ளை. நாலு வருஷத்தில் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது இதுதான் முதல்முறை. ஸ்ரீரங்கனும் சொன்ன பிறகுதான் அதைக் கவனித்தார். இனி எடுத்துக்கொள்ள முடியாது.

"பொண் குழந்தை" என்றார்.

விஜயலக்ஷ்மி கல்லைவிட்டு எழுந்தாள். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். மறுபடி ஒருமுறை தட்டினாள், அங்கே மணல் இல்லை.

"பொறந்தப்போ என்ன எடை?"

"ரெண்டே முக்கால் கிலோ. இப்போ அஞ்சரை."

அவள் உதடு அசைந்தது. கழித்துப் பார்க்கிறாளா, வேறு ஏதாவதா என்று அச்யுத்துக்குத் தெரியவில்லை. நேர அட்டையை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு மகனை எழுந்து வண்டியைத் திருப்பச் சொன்னாள். கோவளம் அந்தப் பக்கம் இல்லையே என்று அவன் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பினான்.

"முள்ளைப் பார்க்காதே. நான் எண்ணிச் சொல்றேன்" என்று பின்னால் ஏறிக்கொண்டாள். அப்புறம் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க முன்னால போங்கோ. வழி உங்களுக்குத்தானே தெரியும்."

பீர் முஹம்மது ஸ்கூட்டரை உதைத்தார். எந்தப் பக்கம் என்று ஸ்ரீரங்கன் கையால் காட்டினார். எதற்காக வருகிறாள் என்று அவள் சொல்லவில்லை. பார்க்கவா, நாலு வருஷத்தையும் சேர்த்துக் கேட்கவா? திரும்பி அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. திருவான்மியூர் வரும்வரை அந்த வண்டியின் சத்தம் அவருக்குப் பின்னாலேயே வந்தது, நெருங்காமலும் விலகாமலும், நாற்பதைத் தாண்டாமலும்.